மெஷினுக்குக் கண்டம்

அதுல கை வைக்காதீங்க தம்பி. மூடி கழண்டு கால்ல விழுந்துரும். இந்தப் பக்கத்துக் கீல் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. தூக்குறதுன்னா இடது கையை அடியில கொடுத்து, முழங்கையால முட்டுக் கொடுத்துத் தூக்கணும். எனக்கு மட்டும்தான் வரும். இருங்க, நானே தூக்குறேன்.

நீங்க இப்படி ஸ்டூல்ல உட்காருங்க. மேடம் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பழசை நகர்த்தலாம். இந்த ரூம்ல பிளக் பாயின்ட் ஒண்ணுதான். பழசை எடுத்தாத்தான் உங்க புதுசுக்கு இடம். அது வரைக்கும் நீங்களும் சும்மா, நானும் சும்மா. மேடம் காலையிலேயே ஜில்லா ஆபீஸுக்குப் போயிட்டாங்க, எங்க உதவி இயக்குநர் ஏ.டி. சாரைப் பார்க்க. 'உங்க விஷயமாத்தான் போறேன்'னு என்கிட்டயே சொல்லிட்டுப் போனாங்க. என் விஷயம்னா வேற என்ன, வேலையை நிரந்தரம் பண்ற விஷயம்தான். இத்தனை வருஷம் என்னை இழுத்தடிச்சுட்டு இன்னிக்காவது தோணுச்சே. டீ சொல்லட்டுமா? வேணாமா? நல்லது. இங்க டீ நல்லா இருக்காது.

என் பேரு தெய்வசிகாமணி. இந்த ஆபீஸ்ல அந்தப் பேரைச் சொல்லித் தேடினா நான் கிடைக்க மாட்டேன். 'ஜெராக்ஸ் எங்க?'ன்னு கேளுங்க, கையைக் காட்டுவாங்க. 'ஜெராக்ஸ் சாப்பிடப் போயிருக்கு.' 'ஜெராக்ஸுக்கு இன்னிக்கு உடம்பு முடியல.' மெஷினைச் சொல்றாங்களா என்னைச் சொல்றாங்களான்னு எனக்கே சில நேரம் விளங்காது. நவமணி மேடம் மட்டும்தான் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அதுகூட ஒரு தூரம் காட்டுறதுதான். சூப்பிரண்டுன்னா சும்மாவா?

நான் இந்த நில அளவை ஆபீஸுக்கு வந்ததே இந்த மெஷினாலதான். இது வந்து இறங்கின அன்னிக்கு ஓட்டத் தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தரும் இல்ல. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில ஜெராக்ஸ் போட்டுக்கிட்டிருந்தேன். அப்ப இருந்த ஆபீஸர் என்னைக் கூப்பிட்டு, 'இந்த மெஷின் இருக்கிற வரைக்கும் நீ இருய்யா'ன்னார். எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க. தற்காலிகம்தான், வருஷா வருஷம் நீட்டிப்பாங்க. ஆனா அந்த மனுஷன் வாக்குக்கு ஒரு குறையும் வரல. என் பொண்ணு அப்ப கைக்குழந்தை. இப்ப காலேஜ் முடிச்சுட்டா. மெஷினும் இருக்கு, நானும் இருக்கேன்.

என்ன, அலுத்துப் போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். ரொம்ப அலுத்துப் போச்சு தம்பி.

நீங்க மெக்கானிக், உங்களுக்குச் சொன்னாப் புரியும். பேப்பர் இழுக்கிற ரோலர் இருக்கே, தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. ரப்பர்ல சொரசொரப்பு இருந்தாத்தானே தாளைப் பிடிக்கும்? உப்புத்தாளை வச்சு லேசாத் தேய்ச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு விடுவேன். ஒரு மாசம் ஓடும். அப்புறம் பழையபடி நாலு தாளைச் சேர்த்து இழுக்கும், இல்லாட்டி ஒண்ணைக்கூட இழுக்காது. பக்கத்துக் கதவுல ஸ்க்ரூ நிக்கவே நிக்காது, ஓட்டை அகலமாயிடுச்சு. தீக்குச்சியை உடைச்சு ஓட்டையில திணிச்சு அதுமேல முறுக்கினேன். நின்னுச்சு. ஓடுற அதிர்வுல மறுபடி கழண்டப்ப, என் சம்சாரம் சௌந்தரத்தோட நகப்பாலிஷை எடுத்துட்டு வந்து ஸ்க்ரூ தலையில ஒரு சொட்டு விட்டேன். பாருங்க, இப்பவும் சிவப்பாத் தெரியுது. அந்த வாஷர் சைக்கிள் டியூப்ல வெட்டினது. தாளை ரோலரோட அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் இருக்கே, அது டார்ச் லைட்டோட அடிமூடியிலேர்ந்து எடுத்தது. கம்பெனியில கேட்டா, 'அந்த மாடலுக்குப் பார்ட்ஸ் நிறுத்தியாச்சே'ன்னு சொல்லி போனை வச்சுடுவாங்க. நிறுத்தினது அவங்க. ஓட்ட வேண்டியது நான்.

புது மெஷின் வாங்குங்கன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்னு இந்தச் சுவருக்குத் தெரியும். மேடம் வந்த வருஷத்துலேர்ந்து சொல்றேன். 'பார்க்கலாம் தெய்வசிகாமணி.' அவ்வளவுதான் பதில். எழுதிக் கொடுத்தேன். வாங்கி மேஜைக்குள்ள போட்டுப் பூட்டிக்கிட்டாங்க. அந்த மேஜைக்குள்ள போனது வெளிய வராது.

ஒரு தடவை ஆடிட்டுக்கு வந்த ஆள் என்னைக் காட்டி, 'இவர் எதுக்கு இங்க?'ன்னு கேட்டார். மூஞ்சிக்கு நேரா. மேடம், 'மெஷின் இருக்கு சார், ஓட்ட ஆள் வேணுமே'ன்னாங்க. அவர், 'மெஷினே ஓடுறதில்லைன்னு கேள்விப்பட்டேனே'ன்னார். 'யார் சொன்னா? தினமும் ஓடுது, நல்லா ஓடுது'ன்னாங்க. பச்சைப் பொய் தம்பி! ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. அன்னிக்குக் காலையிலதான் சிக்கின தாளை எடுக்கப்போய் என் விரலைச் சுட்டுக்கிட்டு நிக்கிறேன். ஒரு புது மெஷின் வாங்கக்கூடாதுங்கிறதுக்காக இப்படி ஒரு பொய். இப்படியும் பிடிவாதமா?

அதை விடுங்க. கோடு விழுந்த கதையைக் கேளுங்க.

உள்ள இருக்கிற டிரம்முல கீறல் விழுந்துருச்சு. எந்தக் காப்பி எடுத்தாலும் மேலேர்ந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு வரும். வேற ஆபீஸா இருந்தா அதனால ஒண்ணும் இல்ல. இது நில அளவை ஆபீஸ். இங்க நாங்க காப்பி எடுக்கிறதே நிலத்தோட படம். படத்துல கோடுன்னா அது எல்லை. கீழக்காட்டுச் சடையப்பன் நிலத்துக்கு அவரோட பங்காளி ஒரு காப்பி வாங்கிட்டுப் போனார். சடையப்பன் நிலத்தை நடுவாலப் பிளந்துக்கிட்டு கோடு போகுது. சீலு இருக்கு, மேடம் கையெழுத்து இருக்கு. அந்த ஆள், 'கவர்மென்ட்டே பிரிச்சுக் கொடுத்துருச்சு'ன்னு கோட்டுக்கு நேரா கல்லு நட்டு முள்ளுவேலி போட்டுட்டார்! கடலை போட்ட காடு, நடுவுல வேலி. ரெண்டு குடும்பமும் அருவாளும் கையுமா நிக்குது.

மேடம்தான் போனாங்க. மூலப்படத்தை எடுத்துக்கிட்டு, கத்திரி வெயில்ல, அந்தக் காட்டுக்குள்ள நடந்து போயி ரெண்டு தரப்புக்கும் காட்டி, 'இது மெஷின் போட்ட கோடுப்பா, கவர்மென்ட் போட்டது இல்ல'ன்னு கல்லைப் பிடுங்க வச்சுட்டு வந்தாங்க. வந்து நேரா இந்த ரூமுக்குத்தான் வந்தாங்க. முகமெல்லாம் கறுத்துக் கிடந்துச்சு. சரி, இன்னிக்கு இந்தச் சனியன் ஒழிஞ்சுதுன்னு நான் உள்ளுக்குள்ள சந்தோஷமா நிக்கிறேன். 'துடைச்சுப் பார்த்தீங்களா?'ன்னு கேட்டாங்க. 'துடைச்சாப் போற கோடு இல்ல மேடம், கீறல்'னேன். ஒரு பெருமூச்சு விட்டாங்க. மறுநாள்லேர்ந்து என்ன செஞ்சாங்க தெரியுமா? வர்ற ஒவ்வொரு காப்பியையும் மூலத்தோட வச்சுப் பார்த்து, அந்தக் கோட்டுப் பக்கத்துல சிவப்பு மையில, 'இக்கோடு இயந்திரத்தால் விழுந்தது, எல்லை அல்ல'ன்னு கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுறாங்க. ஒவ்வொண்ணுலயும்! ஜனங்க வரிசையில நின்னு சிரிக்குது. கை வலிக்க வலிக்க எழுதுவாங்களே தவிர, மெஷினை மாத்த மாட்டாங்க. இதுக்கு என்ன பேர் வைக்கிறது, நீங்களே சொல்லுங்க.

எனக்குப் பொறுமை போச்சு. 'மேடம், இதைக் கண்டம் பண்ணுங்க, இல்லாட்டி நானே மேல எழுதுறேன்'னு சொல்லிட்டேன். அதான், ஆபீஸ்ல பழைய வண்டி, பழைய நாற்காலி எல்லாத்தையும் உதவாதுன்னு தள்ளுவாங்களே, அந்தக் கண்டம். மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாங்க. குரலைத் தாழ்த்திக்கிட்டு, 'தெய்வசிகாமணி, மெஷினைக் கண்டம் பண்ணினா உங்களுக்குத்தான் கண்டம். புரியுதா? இதுக்கு மேல என்னால வெளிப்படையாச் சொல்ல முடியாது'ன்னாங்க.

ஜாதகத்தை எங்க வச்சோம்னு அப்பவே யோசிக்க ஆரம்பிச்சுட்டேன் தம்பி.

ஏன்னா மேடம் கிறிஸ்தவங்க. ஜாதகம், ராகுகாலம் ஒண்ணும் பார்க்க மாட்டாங்க. எமகண்டத்துலதான் டூருக்கே கிளம்புவாங்க. அப்பேர்ப்பட்டவங்களே கதவைச் சாத்திட்டு எனக்குக் கண்டம்னு சொல்றாங்கன்னா, சும்மா சொல்வாங்களா? என் முகத்துல எதையோ பார்த்துட்டாங்கன்னு நினைச்சேன். சிலருக்கு அப்படித் தெரியும்.

அன்னிக்குச் சாயங்காலமே ஜாதகத்தை எடுத்துக்கிட்டு தெற்கு வீதி ஜோசியர்கிட்ட போனேன். அவர் கட்டத்தைப் பார்த்துட்டு, 'ஆமாய்யா, கண்டம் இருக்கு. தண்ணியில கண்டம். மாசி முடியுற வரைக்கும் ஆறு குளத்துல இறங்காதே. தாண்டிட்டியானா எண்பது வயசு வரைக்கும் உன்னை அசைக்க ஆள் இல்ல'ன்னார். அவருக்கு யார் சொன்னது, பாருங்க! மேடம் சொன்னது அப்படியே பொருந்துது. சனிக்கிழமை சனிக்கிழமை எள்ளு தீபம் போட்டேன். ஆத்துப் பக்கமே போகல. மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனப்ப எல்லாரும் ஆத்துல குளிக்கிறாங்க, நான் மட்டும் கரையில வாளித் தண்ணியை மோந்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன். மானம் போச்சு.

சௌந்தரம்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவ, 'ஏங்க, மேடம் வேற எதையாவது சொல்லியிருப்பாங்களோ? வேலையைப் பத்தி?'ன்னா. 'கண்டம்னா கண்டம்தான்டி, அதுல வேலை எங்க வந்துச்சு?'ன்னேன். 'நாளைக்குப் போய் இன்னொரு தடவை தெளிவாக் கேட்டுட்டு வாங்க'ன்னா. பொம்பளைங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். மேலதிகாரிகிட்ட போய், நீங்க சொன்னது எனக்கு விளங்கலைன்னு நிக்க முடியுமா?

மாசி முடிஞ்சுது. ஒரு ஆபத்தும் இல்ல. நானே போய் மேடம்கிட்ட சொன்னேன். 'நீங்க சொன்ன கண்டத்துக்கு நான் வழி பண்ணிட்டேன் மேடம். இனிமே எனக்குப் பயமில்ல.' மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. 'நிஜமாவா? எங்க ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?'ன்னாங்க. சனீஸ்வரன் சந்நிதின்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? 'பெரிய இடத்துலயே சொல்லி வச்சாச்சு மேடம்'னேன். 'உறுதியா?'ன்னாங்க. 'எண்பது வயசு வரைக்கும் கவலை இல்ல மேடம்'னேன். 'எண்பதா!'ன்னு சிரிச்சுட்டாங்க. அவங்க சிரிச்சு நான் பார்த்ததே அன்னிக்குத்தான். 'எனக்கு நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கு'ன்னாங்க. என் உசிர் மேல அவங்களுக்கு இவ்வளவு அக்கறையான்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கோபம் இருந்தாலும் உண்மையைச் சொல்லணுமில்லையா.

பயம் தீர்ந்துச்சா, உடனே நான் ஏ.டி. சாருக்கு நேரா ஒரு மனு போட்டேன். சடையப்பன் காட்டு வேலி, சிவப்பு மை, எல்லாத்தையும் எழுதினேன். நேர்ல வந்து பார்க்கிறேன்னு பதில் வந்துச்சு.

அவர் வர்றதுக்கு முந்தின நாள் மேடம் இங்க வந்தாங்க. முகத்துல அந்தச் சிரிப்பு இல்ல. 'உங்க ஏற்பாடு நல்லபடியா முடியட்டும். ஆனா அது கைக்கு வர்ற வரைக்கும் எதுக்கும் இது இருக்கட்டும். நாளைக்கு ஏ.டி. முன்னாடி ஒரு காப்பி, ஒரே ஒரு காப்பி ஒழுங்கா வெளிய வந்தாப் போதும். ஓடுதுன்னு எழுத வச்சு, இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் தள்ளிரலாம். உங்களால முடியும் தெய்வசிகாமணி'ன்னாங்க.

இன்னும் ரெண்டு வருஷம்! இன்னும் ரெண்டு வருஷம் உப்புத்தாள், இன்னும் ரெண்டு வருஷம் தீக்குச்சி, இன்னும் ரெண்டு வருஷம் இந்த மூடிக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு ஒருச்சாய்ஞ்சு நிக்கணும். முடியாது தம்பி. 'சரி மேடம்'னேன். எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு, ரோலரைத் தேய்ச்சு, ஸ்க்ரூவையெல்லாம் இறுக்கினேன். பார்த்தா எந்தக் குறையும் தெரியாது. கடைசியா அந்த டார்ச் லைட் ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

இறுக்கி இறுக்கியே காலத்தை ஓட்டினவன் ஒரே ஒரு தடவை கழட்டினேன். தப்பா? எனக்கு அப்படித் தோணல.

மறுநாள் ஏ.டி. சார் வந்து பட்டனை அழுத்தினார். கர்ர்ர்ருன்னு சத்தம். தாள் அசையல. இன்னொரு தடவை அழுத்தினார். கர்ர்ர். 'என்னம்மா இது, தினமும் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க?'ன்னு மேடத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லார் முன்னாடியும். மேடம் என்னைப் பார்த்தாங்க. 'கண்டம் பண்ணிருங்க'ன்னுட்டு அவர் போயிட்டார். ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க. 'ஜெராக்ஸ் ஜெயிச்சுருச்சு'ன்னாங்க. மேடம் மட்டும் என் பக்கத்துல வந்து நின்னாங்க. திட்டப் போறாங்கன்னு தயாரா இருந்தேன். 'சாப்பிட்டீங்களா தெய்வசிகாமணி?'ன்னாங்க. அவ்வளவுதான். பெரிய மனசுதான். தோத்துட்டோம்னு ஒத்துக்க முடியல போல, அதான் பேச்சை மாத்திட்டாங்க.

சரி, உங்க மெஷினைப் பத்திச் சொல்லுங்க. யாரும் இங்க வந்து நிக்க வேண்டாமா? அவங்கவங்க சீட்லேர்ந்தே கம்ப்யூட்டர்ல அனுப்பினா இங்க தானா வந்து விழுமா? சிக்கவே சிக்காதா? பரவாயில்லையே! அது என்ன நம்பர்? ஆளுக்கு ஒரு நம்பர் போட்டாத்தான் வேலை செய்யுமா? ஏழு பேருக்குன்னு ஜில்லா ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வந்தீங்களா?

இருங்க. மேடம், ஹெட் சர்வேயர், ரெண்டு சர்வேயர், படம் வரையிறவர், டைப்பிஸ்ட், நம்ம ரெக்கார்டு கிளார்க். ஏழு. அப்ப எனக்கு?

ஏன் தம்பி கீழ குனிஞ்சுட்டீங்க? அட, உங்களைக் குறை சொல்லல. நானும் ஒரு முட்டாள். ஓட்டுறவனுக்கு எதுக்கு நம்பர்? பஸ் ஓட்டுற டிரைவர் டிக்கெட் எடுக்கிறானா? அப்படித்தான் இருக்கும். எதுக்கும் மேடம் வரட்டும், கேட்டுருவோம்.

இந்தாங்க, இதுதான் அந்த ஸ்பிரிங். அன்னிலேர்ந்து பையிலயேதான் கிடக்கு. போறது போகுது, இதையும் சேர்த்துப் போட்டு அனுப்பிருவோம். ஓடாத மெஷினைத் தள்ளிவிட்டான்னு நாளைக்கு ஒரு பேர் எனக்கு வேணாம். இந்த டிரேயைக் கொஞ்சம் பிடிங்க. அவ்வளவுதான். சுவிட்சைப் போடுங்க. ஒரு வெள்ளைத் தாள் வைங்க.

பார்த்தீங்களா! ஒரே இழுப்பு. என்ன ஒழுங்கா வருது பாருங்க. கோடு இருக்கு, கோடு இருக்கும், அது போகாது. ஆனா ஓடுது இல்ல? இது எங்க கண்டம்?

அதோ மேடம் வந்துட்டாங்க. சத்தம் கேட்டு வாசல்லயே நின்னுட்டாங்க பாருங்க. வாங்க மேடம், ஓடுது மேடம்! ஏ.டி. சார் என்ன சொன்னார் மேடம்? உள்ள வாங்க, தம்பி ரொம்ப நேரமா உங்க கையெழுத்துக்குக் காத்திருக்கார். ஏழு நம்பர்தான் கொண்டு வந்திருக்காராம். எனக்கு எத்தனாவது நம்பர்னு நீங்களே சொல்லிருங்க.

என்ன மேடம்?

சாப்பிட்டீங்களான்னு கேட்கிறாங்க தம்பி. மணி நாலு ஆகுது.